கேட்டு வாங்கத் தெரியாதவர்கள்

“சர்க்கார் எல்லாம்தான் செய்து வைத்திருக்கிறது. இவர்களுக்குக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?”

உடற்குறை உள்ளவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் மத்தியதர வர்க்கத்துப் பெரியவர்கள் உதிர்க்கிற வாசகம் இது. கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், ரயிலில் கேட்டிருக்கிறேன், இலக்கியக் கூட்டம் முடிந்து காப்பி சாப்பிடுகிற இடத்தில்கூடக் கேட்டிருக்கிறேன். சொல்லுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். வருஷா வருஷம் ஏதாவது ஓர் இல்லத்துக்கு நன்கொடை அனுப்புகிறவர்கள். பேரனின் பிறந்த நாளன்று அங்கே பாயசத்தோடு சாப்பாடு போடுகிறவர்கள். அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. கெட்டவன் சொல்லும் பொய்யை ஊர் நம்பாது. நல்லவர்கள் தங்கள் மன நிம்மதிக்காகச் சொல்லிக்கொள்ளும் பொய், நியாயத்தின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் நடமாடும்.

இந்த வாசகத்தின் முதல் பாதியை நான் மறுக்கப் போவதில்லை. 1995-ல் ஒரு சட்டம் வந்தது. அது ஏழு வகைக் குறைகளை ஒப்புக்கொண்டது. 2016-ல் அதைவிட விரிவான சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள்; 2017 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. ஏழு வகை 21 வகையாயிற்று. சர்க்கார் உத்தியோகத்தில் 3 சதவீதமாக இருந்த ஒதுக்கீடு 4 ஆயிற்று. உயர்கல்வியில் 5 ஆயிற்று. சக்கர நாற்காலி உண்டு, காதுக்கருவி உண்டு, செயற்கைக் கால் உண்டு. ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஜூன் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் கிடையாது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு கொடுக்கும் மாத உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாயிற்று. எழுதிக்கொண்டே போகலாம். படிக்கப் படிக்க மனம் நிறைகிறது.

என் சண்டையெல்லாம் இரண்டாவது பாதியோடுதான். ‘கேட்டு வாங்கத் தெரியவில்லை’ என்கிறார்களே, கேட்டு வாங்குவது என்றால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தார்களா? அப்படி ஓர் உதவி இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அது எந்த ஆபீஸில் என்று தெரிய வேண்டும். எந்தக் கிழமையில் போனால் டாக்டர் இருப்பார் என்று தெரிய வேண்டும். எந்தெந்தக் காகிதத்துக்கு எத்தனை ஜெராக்ஸ் என்று தெரிய வேண்டும். எந்த வயதுக்குள் கேட்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். இத்தனையும் ஒரு தடவை தெரிந்துகொண்டால் ஆயுளுக்கும் போதும் என்றால்கூடப் பரவாயில்லை. பிள்ளைக்கு வயது ஏற ஏற ஆபீஸ் மாறுகிறது, காகிதம் மாறுகிறது, விதி மாறுகிறது. ஐந்து வயதில் கற்றுக்கொண்ட வித்தை பதினைந்தில் உதவுவதில்லை. பதினைந்தில் கற்றது இருபதில் உதவுவதில்லை. ஒவ்வொரு வயதிலும் அந்தக் குடும்பம் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

தொட்டிலிலிருந்தே பார்ப்போம்.

பத்து மாதக் குழந்தை. பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினால் திரும்பிப் பார்ப்பதில்லை. கதவை அறைந்து சாத்தினாலும் தூக்கம் கலைவதில்லை. தாய்க்கு வயிற்றைக் கலக்குகிறது. மெல்ல மாமியாரிடம் சொல்லுகிறாள். “உன் புருஷன்கூட நாலு வயசு வரைக்கும் வாயைத் திறக்கலைடி அம்மா. இப்போ மூடுறானா பாரு” என்று மாமியார் சிரிக்கிறாள். அவள் சிரிப்பது கொடுமையினால் அல்ல, பயத்தினால். அந்தச் சிரிப்பில் ஒரு வருஷம் போகிறது. அப்புறம் குலதெய்வத்துக்கு முடி இறக்கியதில் ஆறு மாதம். யாரோ சொன்ன நாட்டு மருந்தில் இன்னும் ஆறு மாதம்.

காது கேளாத குழந்தைக்கு இந்த வருஷங்கள் தங்கம். பேச்சைப் பிடித்துக்கொள்ளும் சக்தி குழந்தைக்கு முதல் சில வருஷங்களில்தான் கொழுந்துவிட்டு நிற்கிறது. காதுக்குள் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சையை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகவே செய்கிறார்கள். ஆனால் ஆறு வயதைத் தாண்டாத குழந்தைகளுக்கு. பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் முளையிலேயே கண்டுபிடிக்க 2013-ல் மத்திய சர்க்கார் தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கியது. மாவட்டந்தோறும் இடையீட்டு மையம் என்று ஏற்பாடு. அந்தத் திட்டத்தின் வைத்தியக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையும், சர்க்கார் பள்ளிக்கு ஒரு தடவையும் போய்க் குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்று விதி.

நல்ல விதி. கை எடுத்துக் கும்பிடலாம். ஆனால் வாசகர்களே, நம் வீட்டுக் குழந்தைகள் அங்கன்வாடிக்கா போகின்றன? மாதம் சில ஆயிரம் கட்டணம் வாங்குகிற மழலைப் பள்ளிக்கு வேனில் ஏறிப் போகின்றன. அங்கே அந்த வைத்தியக் குழு வராது. ஏழைக் குழந்தையைத் தேடி வருகிற டாக்டர் நம் குழந்தையைத் தேடி வருவதில்லை. நமக்குக் கேட்டு வாங்கத் தெரியும் என்று சர்க்கார் நம்பிவிட்டது போலிருக்கிறது! ஆகவே, இது ஏதோ குடிசைக்காரர்களின் அறியாமை, நமக்கு இதில் சம்பந்தமில்லை என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டாம்.

குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது வருகிறது. தலைமையாசிரியை மிகுந்த அன்போடு பேசுகிறார். “எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் இல்லையே, அம்மா. இங்கே சேர்த்தா உங்க குழந்தைக்குத்தான் கஷ்டம்.” தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு நன்றியும் சொல்லிவிட்டு எழுந்து வருகிறாள். 40 சதவீதத்துக்குக் குறையாத குறை உள்ள குழந்தைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, சிறப்புப் பள்ளியிலோ, தான் விரும்பிய இடத்தில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு என்று 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. வட்டார வள மையம் என்று ஒன்று இருக்கிறது. சிறப்பு ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் ஏற்பாடுகூட உண்டு. தலைமையாசிரியையின் வாயிலிருந்து இதில் ஒரு வார்த்தையாவது வந்ததா? வரவில்லை. தாய்க்குக் கேட்கத் தெரியாதது குற்றமாகிவிட்டது; ஆசிரியைக்குச் சொல்லத் தெரியாதது யார் கண்ணிலும் படவில்லை.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மூளைக்குக் குறைவில்லை, எழுத்து மட்டும் பிடிபடாது. இவர்களைப் பல தலைமுறைகளாக ‘மக்கு’ என்று முதுகில் அறைந்தே தீர்த்துக் கட்டினோம். இது ஒரு குறை, அடித்துத் திருத்துகிற சோம்பல் அல்ல என்று 2016-ஆம் வருஷத்துச் சட்டம் பட்டியலில் சேர்த்தது. 2018-ல் சான்றிதழ் கொடுப்பதற்கு வழிகாட்டி வெளியிட்டபோது, எட்டு வயதில் ஒரு தடவை, பதினாலில் ஒரு தடவை, பதினெட்டில் ஒரு தடவை சோதிக்க வேண்டும் என்று வகுத்தார்கள். வைத்திய ரீதியில் அதற்கு நியாயம் இருக்கலாம். நான் அதில் தலையிடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும் என்றால் பிள்ளையின் வயது சட்டத்துக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் உண்டு, சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம் என்று உரிய காலத்தில் வீட்டுக்கு ஒரு வரி எழுதிப் போட வேண்டும் என்றால் அந்த வயது ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை. பரீட்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டிய சலுகை அது. ஹால் டிக்கெட் வந்த பிறகு அதைப்பற்றித் தெரிந்துகொள்கிற பெற்றோர் எத்தனையோ பேர்.

இனி பதினெட்டாவது வயது. என்னைக் கேட்டால் இந்த நாட்டில் உடற்குறை உள்ள பிள்ளைக்கும் அவன் பெற்றோருக்கும் இதைவிடப் பெரிய பள்ளம் வேறில்லை. இலவசக் கல்வி உரிமை பதினெட்டோடு முடிகிறது. மாவட்ட இடையீட்டு மையத்தின் கணக்கும் பதினெட்டோடு முடிகிறது. அதே நாளில் வேறொரு சங்கடம் ஆரம்பமாகிறது.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறை. அவனுடைய உதவித்தொகையைக் கணக்கிலிருந்து எடுக்க மாதாமாதம் பாங்கிக்குப் போவார். ஒரு மாதம் கவுண்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பையன் மேஜர் ஆயிட்டாரும்மா. இனிமே அவர்தான் கையெழுத்துப் போடணும்.”

“அவனுக்குக் கையெழுத்துப் போட வராதே, சார்.”

“அப்போ கார்டியன் சர்ட்டிபிகேட் கொண்டு வாங்க.”

“நான் பெத்தவ சார்!”

“அது சரிதாம்மா. ரூல் அப்படி.”

அந்தக் குமாஸ்தாவை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது சட்டப்படி சரி. பதினெட்டு நிறைந்த பிறகு பெற்றவளுக்குத் தானாகப் பாதுகாவலர் என்ற அந்தஸ்து கிடையாது. இப்படிப்பட்டவர்களுக்கென்றே 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல குறைகள் சேர்ந்திருத்தல் என்று நான்கு பிரிவினருக்கு அது பொருந்தும். மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. கலெக்டர் அதில் இருக்கிறார். மனுக் கொடுத்தால் விசாரித்துப் பாதுகாவலரை நியமிப்பார்கள். இப்படிப் பாதுகாவலரை வைப்பதே சரியா, அந்தப் பிள்ளை தானே முடிவெடுக்கத் துணை நிற்பதல்லவா முறை என்று ஒரு விவாதமும் நடக்கிறது. வேண்டிய விவாதம்தான். ஆனால் அந்த அம்மாளுக்கு இந்த வழியும் தெரியாது, அந்த வழியும் தெரியாது. மூன்று மாதம் அந்தப் பணம் பாங்கியிலேயே கிடந்தது.

பதினெட்டு வருஷங்களாக அவர் ஏறி இறங்கிய ஆஸ்பத்திரியிலும், பள்ளிக்கூடத்திலும், தாலுகா ஆபீஸிலும், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் அந்தப் பையனின் பிறந்த தேதியை எழுதி வாங்காத இடம் இல்லை. அந்தத் தேதி எந்த நாளில் பதினெட்டைத் தொடும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “அம்மா, அடுத்த மாதம் இப்படி ஒரு சிக்கல் வரும், இன்ன இடத்துக்குப் போங்கள்” என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்பொழுது சொல்லுங்கள்: கேட்டு வாங்கத் தெரியாதவர் அந்த அம்மாளா?

வேலை தேடுகிற வயதில் நாற்பது என்ற எண் வந்து வழியை மறிக்கிறது. வைத்தியக் குழு போடுகிற சதவீதம் நாற்பதானால் உள்ளே, முப்பத்தெட்டானால் வெளியே. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் வியாதி உள்ள ஓர் இளைஞர், சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு எழுத ஆள் வேண்டும் என்று கேட்டார். அந்தச் சதவீதக் கணக்கு அவரைத் தடுத்தது. எழுத ஆள் கேட்பதற்கு 40 சதவீதம் என்ற கோடு அவசியமில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. கேட்டு வாங்குவது எப்படி என்பதற்கு இதோ ஓர் உதாரணம்! பரீட்சை ஹாலில் பேனா பிடிக்க ஒரு துணை வேண்டுமென்றால் டெல்லியில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் கேட்க வேண்டும்.

அது போகட்டும், கேட்பதற்கு ஆபீஸுக்குள் நுழைய வேண்டாமா? கட்டடங்களில் சாய்தளம் முதலிய வசதிகளுக்கு அளவுகோல் எழுதி வைத்தவர்கள், அதைக் கட்டாயமாக்காமல் சிபாரிசு மாதிரி வைத்திருந்தார்கள். அது சட்டத்துக்கு விரோதம், கட்டாய விதிகள் செய்யுங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நடக்க முடியாது என்பதற்குச் சான்றிதழ் வாங்க மாடிப்படி ஏறுகிற வேடிக்கையை நான் எந்தக் கதையிலாவது எழுதியிருந்தால், ‘மிகைப்படுத்துகிறார்’ என்று விமர்சகர்கள் என்னைக் கண்டித்திருப்பார்கள்.

முதுமைக்கு வருவோம். இங்கே யாரும் தப்ப முடியாது. பிறக்கும்போது ஒரு குறையும் இல்லாதவர், முப்பது வருஷம் ஆபீஸ் போய் வந்தவர், அறுபத்திரண்டு வயதில் ஒரு காலை குளியலறையில் விழுகிறார். பக்கவாதம். ஒரு பக்கம் போய்விட்டது. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அவர் சட்டத்தின் கண்ணில் உடற்குறை உள்ளவர். அவருக்கும் அது தெரியாது, மனைவிக்கும் தெரியாது. தன்னை அந்தப் பட்டியலில் சேர்த்துப் பார்க்க அவர்கள் மனம் கூசுகிறது. ‘அதெல்லாம் பிறவியிலேயே இருக்கிறவர்களுக்கு’ என்று நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டோடு அனுப்பிவிடுகிறார்கள். சான்றிதழ் எங்கே, பயிற்சி எங்கே, நாற்காலி எங்கே என்று அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் மை குறைந்தா போய்விடும்?

மத்திய சர்க்காரின் உடற்குறை ஓய்வூதியம் என்று ஒன்று உண்டு. 80 சதவீதம் பாதிப்பு இருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வயது பதினெட்டுக்குக் குறையக்கூடாது. இத்தனை நிபந்தனைகளையும் நிறைவேற்றிய பாக்கியசாலிக்கு மாதம் 300 ரூபாய் என்று 2012-ல் நிர்ணயித்தார்கள். பத்து வருஷம் கழித்தும் அது அதே 300-தான். எண்பது வயதை எட்டிவிட்டால் 500! மாநில அரசு கொடுப்பது இதைவிட எவ்வளவோ மேல் என்பதை முன்பே சொன்னேன்.

இவர்களையெல்லாம்விட என் மனத்தை அறுப்பவர்கள் வயதான பெற்றோர்கள். நாற்பது வயது மகனுக்கு எழுபது வயதுத் தாய் சோறு ஊட்டுகிறாள். “எனக்கு முன்னால இவன் போயிடணும், சாமி” என்று கோயிலில் வேண்டிக்கொள்ளும் தாய்களை நம் ஊரில் காணலாம். இப்படி ஒரு வேண்டுதலைத் தாயின் வாயில் வரவழைத்த சமூகத்துக்கு வேறு என்ன தண்டனை வேண்டும்? அந்தத் தகப்பன் சர்க்கார் உத்தியோகஸ்தராக இருந்திருந்தால், சம்பாதித்துப் பிழைக்க முடியாத அந்த மகனுக்குப் பெற்றோர் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. உயிரோடிருக்கும்போதே மகனின் பெயரைப் பதிந்து, வைத்தியச் சான்றோடு வைத்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். ஓய்வு பெறுகிற நாளில் மாலை போட்டு, குத்துவிளக்குப் பரிசளித்து அனுப்புகிறார்களே, அன்றைக்கு இதை அவரிடம் யாராவது சொல்லுகிறார்களா?

‘தேடிப்போய்க் கொடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா? கோடிக்கணக்கான ஜனங்கள் உள்ள தேசம், ஐயா இது’ என்பார்கள். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் 2 கோடியே 68 லட்சம் பேர் உடற்குறை உள்ளவர்கள்; தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். மொத்த ஜனத்தொகையில் இது நூற்றுக்கு இரண்டேகால்கூட ஆகவில்லை. உலக சுகாதார நிறுவனமோ உலகத்தில் ஆறில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க குறை இருக்கிறது என்கிறது. அளக்கும் முறை வேறு வேறுதான். இருந்தாலும் இவ்வளவு தூரமா? ஒன்று, நம் தேசத்தில் மட்டும் எல்லோரும் திடகாத்திரமாகப் பிறந்து அப்படியே மறைகிறார்கள். அல்லது, நாம் பலரைக் காணாமலே எண்ணி முடித்துவிட்டோம்.

தேடிப்போக முடியாது என்பதை நான் ஒப்ப மாட்டேன். இந்தச் சர்க்காருக்குத் தேடத் தெரியும். போலியோவுக்குச் சொட்டு மருந்து கொடுத்த கதையை எண்ணிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். ரயில் நிலையத்தில் நின்றார்கள். விடுபட்ட குழந்தையைத் தேடி வீடு வீடாக நடந்தார்கள். கொடுத்த அடையாளத்துக்குப் பிஞ்சு விரலில் மை வைத்தார்கள். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத தேசம் என்ற சான்று கிடைத்தது. எந்தத் தாயாவது விண்ணப்பம் பூர்த்தி செய்தா அந்த இரண்டு சொட்டை வாங்கினாள்?

2024 பாராளுமன்றத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத உடற்குறை உள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட வழி செய்தார்கள். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பின்பு அதிகாரிகள் வந்தார்கள், போலீஸ்காரர் வந்தார், வீடியோ எடுப்பவர் வந்தார். கட்டிலைச் சுற்றி ஒரு சர்க்காரே வந்து நின்றது. மகத்தான காரியம், ஜனநாயகத்துக்குப் பெருமை. அந்தக் கிழவரின் ஓட்டு எந்த வீட்டில் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறது என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர்களுக்கு, அவருடைய சக்கர நாற்காலி எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கு வந்தது. இயன்முறைப் பயிற்சியும் வந்தது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று, எழுபது வயதைத் தாண்டியவர்கள் வீட்டுக்கும் மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கும் ரேஷன் சாமான்களை வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார்கள். அரிசி மூட்டைக்கு வழி தெரிந்திருக்கிறது. ஒரு தபால் உறைக்கு வழி தெரியாதா?

‘கேட்காமல் கொடுத்தால் போலிகள் புகுந்துவிடுவார்கள்’ என்று ஓர் ஆட்சேபம். நான் நேர்மாறாகச் சொல்லுகிறேன். போலிக்குத்தான் கேட்டு வாங்க நன்றாகத் தெரியும். எந்த ஜன்னல், எந்தக் கிழமை, எந்த புரோக்கர் என்று அவனுக்கு அத்துப்படி. மாடிப்படியும் அவன் சிரமமில்லாமல் ஏறுவான். மனு, வரிசை, மறுபடி மனு என்று வைத்திருக்கிற இந்த முறை, நிஜமான நொண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் பொய் நொண்டிக்கு நாற்காலி போடுகிற முறை. வீட்டுக்கே வந்து பார்க்கிற கிராம சுகாதார நர்ஸை ஏமாற்றுவதைவிட ஆபீஸ் மேஜையை ஏமாற்றுவது சுலபம்.

இன்னோர் ஆட்சேபம் உண்டு. அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ‘எங்கள் வீட்டுக் குறையைச் சர்க்கார் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?’ என்பார்கள். நியாயமான பயம். சர்க்கார் வாசலில் வந்து தண்டோரா போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சான்றிதழ் கொடுக்கும்போதே, ‘இனி உரிய காலத்தில் உங்களுக்குத் தகவல் அனுப்பலாமா?’ என்று ஒரு கேள்வி கேட்கட்டும். வேண்டாம் என்பவர்களை விட்டுவிடட்டும்.

நான் கேட்பதற்குப் புதிய இலாகா வேண்டாம். 2021 ஜூன் முதல் தேசம் முழுவதும் உடற்குறைச் சான்றிதழை ஒரே வலைத்தளத்தின் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். தனித்துவ அடையாள அட்டை என்று ஒரு நம்பரோடு அட்டை கொடுக்கிறார்கள். பெயர், ஊர், குறையின் வகை, சதவீதம், பிறந்த தேதி எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. தமிழ்நாட்டில் ‘உரிமைகள்’ என்ற திட்டம், உலக வங்கிக் கடனோடு, சேவைகளையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் நோக்கத்தோடு வந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் ஒரே கூரையாக இருந்தாலும் அந்தக் கூரையைத் தேடி அவன்தான் போக வேண்டும் என்றால் பாதிக் காரியம்தான் ஆகியிருக்கிறது. பட்டியல் தயாரித்தால் மட்டும் போதாது. பட்டியலில் இருக்கிற மனிதனுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அந்தப் பட்டியலோடு ஒரு நாட்காட்டியையும் கட்ட வேண்டும். ஆறு வயது நெருங்கும்போது பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு கடிதம். பத்தாம் வகுப்புக்கு முந்தின ஜூனில் பரீட்சைச் சலுகையைப் பற்றி ஒன்று. பதினெட்டுக்கு ஆறு மாதம் முன்னால் பாதுகாவலர் விஷயம், பாங்கி விஷயம், தொழிற்பயிற்சி விஷயம். அறுபதில் முதியோருக்கானவை. கடிதத்தின் அடியில், விவரம் கேட்க ஓர் உத்தியோகஸ்தரின் பெயர், அவருடைய டெலிபோன் நம்பர். பெயர் முக்கியம், ‘உரிய அலுவலர்’ என்று போட்டால் ஒருவரும் பொறுப்பில்லை என்று அர்த்தம். எழுத்துத் தெரியாத வீட்டுக்கு அந்தக் கடிதத்தை அங்கன்வாடி ஊழியரோ சுகாதார நர்ஸோ வாசித்துக் காட்டட்டும். அந்த வேலைக்குத் தனியாகச் சம்பளமும் கொடுக்கட்டும். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் முடியப் போகிறது என்று கம்பெனிக்காரன் ஒரு மாதம் முன்னாலிருந்து நம்மைத் தூங்க விடுவதில்லை. வியாபாரிக்கு இருக்கிற அக்கறையில் கால் பங்கு சர்க்காருக்கு இருக்கக் கூடாதா?

கடைசியாக, நம்மைப் பற்றி. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விட்டு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று சொல்லப் பழகிக்கொண்டோம். நல்லதுதான். பெயர் மாறிய அதே மனிதர் அதே வரிசையில் அதே வெயிலில் நிற்கிறாரே, அது நமக்கு உறைக்கவில்லை. குறை உள்ள பிள்ளையை வளர்க்கும் தாயைத் ‘தியாகத்தின் திருவுருவம்’ என்கிறோம். கதைகளிலும் சினிமாவிலும் அவளை அழ வைத்துக் கைதட்டு வாங்குகிறோம். அவளைத் தெய்வமாக்கிவிட்டால் அவளுக்கு ஆபீஸுக்குப் போகத் துணை வேண்டும் என்பது மறந்துபோகிறது அல்லவா? அவள் தெய்வம் அல்ல. முட்டி வலியும் வீட்டு வாடகையும் உள்ள சாதாரண மனுஷி. இருபது வருஷமாக முழு இரவு தூங்காதவள்.

நன்கொடை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பாயசத்தையும் நிறுத்த வேண்டாம். ஆனால் நமக்கு இங்கிலீஷில் மனு எழுத வருகிறது. இ-சேவை மையத்தில் குரலை உயர்த்திப் பேச வருகிறது. அதிகாரி ‘நாளைக்கு வா’ என்றால் ‘எந்த விதிப்படி?’ என்று கேட்கவும் வருகிறது. கேட்டு வாங்கும் கலையில் நாம் கைதேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்தக் கலையை ஒரு நாள் இவர்களுக்கு இரவல் கொடுக்கலாம். தெருவில் அப்படி ஒரு வீடு எது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அங்கே போய், பிள்ளையின் வயது என்ன என்று கேளுங்கள். பதினேழு என்று சொன்னால், காலம் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. கலெக்டர் ஆபீஸுக்கு அந்த அம்மாளோடு ஒரு திங்கட்கிழமை நீங்களும் போய் வாருங்கள்.